ஜப்பானுக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

டோக்கியோவின் எதோகாவா வட்டத்தில், நிஷிகசாய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. அதனால் ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் "அங்கே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், கேட்டுக்கோ" என்று என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. கேள்விகளை மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். விலைகள் நான் கடைசியாகப் பார்த்தவை. கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எல்லோருக்கும் சகுரா, அதாவது செர்ரிப் பூ பார்க்க ஆசை. டோக்கியோவிலும் கியோட்டோவிலும் அது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. முழுசாகப் பூத்த மரம் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. நடுவில் ஒரு மழை அடித்தால் அதோடு சரி. தேதி தவறிவிட்டால் வடக்கே ஹிரோசாகிக்குப் போங்கள், அங்கே ஏப்ரல் பிற்பகுதியில் பூக்கும்.

என்னைக் கேட்டால் நவம்பரின் பின்பாதி. கியோட்டோவில் மேப்பிள் இலை சிவந்து கிடக்கும், வானம் தெளிவாக இருக்கும், எவ்வளவு நடந்தாலும் வியர்க்காது.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வணங்கும் ஓபோன். இந்த இரண்டிலும் ஜப்பானே ரயிலில் ஏறியிருக்கும், தவிர்த்துவிடுங்கள். ஜூனிலும் ஜூலை முதல் பாதியிலும் மழைக்காலம். "நாங்க சென்னைக்காரங்க, வெயில் எங்களை என்ன செய்யும்" என்று ஆகஸ்டில் வந்த நண்பர் ஒருவர், இரண்டாம் நாளே ஓட்டல் அறையின் ஏ.சி.யை விட்டு வெளியே வர மறுத்தார். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். ஆனால் ஆவோமோரியின் நெபுதா (ஆகஸ்ட் 2–7), தொகுஷிமாவின் ஆவா ஒதோரி (ஆகஸ்ட் 12–15) மாதிரி திருவிழாக்கள் பார்க்க வேண்டுமானால் அந்தப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களும், பயோமெட்ரிக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களும் 90 நாள் வரை விசா இல்லாமலேயே வரலாம். விண்ணப்பத்தோடு, எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஓட்டல் என்று நாள்வாரியாக ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். "இதென்ன, போய்ப் பார்த்து முடிவு பண்ணிக்க மாட்டோமா?" என்று என் சித்தப்பா அலுத்துக்கொண்டார். இந்த நாட்டோடு பழக அந்தத் தாள் நல்ல ஒத்திகை. முன்னாலேயே சொல்லிவிட்டால் இவர்கள் எதையும் செய்து தருவார்கள். வந்து நின்று "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன்" என்றால் கையைப் பிசைந்துகொண்டு, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார்களே தவிர காரியம் நடக்காது. கீழே உள்ள பாதிப் பதில்கள் இதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான்.

வந்த பிறகு கடவுச்சீட்டை ஓட்டலில் பூட்டி வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

ரொக்கம் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்?

பெரிய கடை, ஓட்டல், ரயில் எல்லாவற்றிலும் கார்டு செல்லும். கோயில் நுழைவுச் சீட்டு, மலைக் கிராமத்துப் பேருந்து, பத்தே நாற்காலி போட்ட ராமென் நூடுல்ஸ் கடை, இங்கெல்லாம் காசுதான். ஆளுக்கு 10,000 யென் பையில் இருந்தால் நிம்மதி. தீர்ந்துபோனால் செவன்-லெவன் கடைக்குள் இருக்கும் ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு கார்டைப் போட்டு எடுக்கலாம். இந்திய கார்டு என்றால் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். நள்ளிரவில் போன் செய்து "கார்டு வேலை செய்யலை" என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை மறந்தவர்கள்.

நடுவில் ஓட்டை போட்ட 5 யென் நாணயத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

டிப்ஸ்?

வேண்டாம். மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?

ஜே.ஆர். ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குத் திரும்பத் திரும்ப ஏறி இறங்க ஒரே சீட்டு அது. பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் கேட்பது இது. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000. போய்வர 28,000தான் ஆகிறது. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினால்கூட 40,000 அளவில்தான் ஆகும். ஒரே வாரத்தில் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும். மற்றவர்கள் அவ்வப்போது தனிச்சீட்டு வாங்குவதே லாபம். ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான பாஸ்களும் உண்டு, அவற்றில் சில நல்ல பேரம்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலது பக்க ஜன்னல், அதாவது ஈ என்ற ஆங்கில எழுத்துப் போட்ட இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் ஃபூஜி மலை தெரியும். மேகம் மூடியிருந்தால் என்னைத் திட்டக் கூடாது.

உள்ளூரில் சுற்ற?

சுயிகா, பாஸ்மோ, இகோகா என்று தொட்டுப் போகும் அட்டைகள் இருக்கின்றன. ஒன்று போதும், பெரும்பாலான ஊர்களில் எடுபடும், கடையிலும் செல்லும். ஐபோன் என்றால் போனிலேயே ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முடியாது, அட்டை வாங்குங்கள். பயணிகளுக்கான வெல்கம் சுயிகா 28 நாள் செல்லும், மிச்சம் திரும்பக் கிடைக்காது. அதனால் ஒரேயடியாகப் பெரிய தொகை போடாதீர்கள்.

ரயிலுக்குள் போனில் பேசக் கூடாது. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப் பக்கமும் ஒசாகாவில் வலப் பக்கமும் ஒதுங்கி நிற்பது வழக்கம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதற்கப்புறம் டாக்சிதான், மீட்டர் வயிற்றைக் கலக்கும்.

நாலு பெரிய பெட்டி இருக்கிறது, என்ன செய்ய?

அனுப்பிவிடுங்கள். ஓட்டல் வரவேற்பிலோ கோன்பினியிலோ (செவன்-லெவன், லாசன், ஃபேமிலி மார்ட் மாதிரியான 24 மணி நேரக் கடைகளை இங்கே இப்படித்தான் சொல்வார்கள்) பெட்டியைக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாளே அடுத்த ஊர் ஓட்டலில் இறங்கியிருக்கும். தக்யூபின் என்று பெயர். பெட்டியின் அளவைப் பொறுத்து 2,000, 3,000 யென் ஆகும். டோக்கியோ ரயில் நிலையப் படிகளில் நாலு பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது மலிவு.

ஷின்கான்சென்னில் கூடவே கொண்டுபோவதாக இருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை. ஆனால் நீங்கள் எவ்வளவு சுத்தம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

சிக்கல் தாஷி என்ற சாற்றில் இருக்கிறது. தெற்குக் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் மாசிக்கருவாடு தெரியாதவர்கள் இல்லை. அதே சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, விறகுக்கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து, சீவுளியில் மெல்லிய தாளாகச் சீவினால் கட்சுவோபுஷி. அதைக் கொதிநீரில் போட்டு வடித்தால் தாஷி. நம் சமையலில் புளித்தண்ணீர் எங்கெல்லாம் நுழையுமோ, இங்கே அது அங்கெல்லாம் நுழையும். மிசோ சூப்பில் இருக்கும், சோபா நூடுல்ஸ் தொட்டுச் சாப்பிடும் சாற்றில் இருக்கும், வேகவைத்த பூசணிக்காயில் இருக்கும், முட்டைச் சுருளில் இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. சமைத்தவருக்கே அது மீன் என்று தோன்றாது. தண்ணீர், உப்பு மாதிரி அது அவருக்கு. அதனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மேலே தெரிகிற இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு மீதியை அப்படியே தருவார்கள். ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள், அவர்கள் அகராதி வேறு.

"நிக்கு தோ சகானா வா தாபேமாசென், தாஷி மோ தாபேராரேமாசென்" என்று சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், தாஷியும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். யாரிடமாவது ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நீட்டுவது இன்னும் நல்லது. முட்டை வேண்டாம் என்றால் "தாமாகோ" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாஷியைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களுக்குக் கவலை இல்லை, எங்கும் சாப்பிடலாம். விட முடியாதவர்களுக்கு டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் இறைச்சி, மீன், பால் எதுவும் சேராத ராமென் கிடைக்கும். கோன்பினியில் வாழைப்பழம், வேகவைத்த எடமாமே என்ற பச்சை சோயாக்காய், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உமே என்ற ஊறுகாய்ப் பழம் வைத்த ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, பார்க்கச் சைவம்தான். ஆனாலும் சேர்மானப் பட்டியலைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். பாக்கெட்டில் வரும் ஜப்பானியக் கறிக்கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். நிஷிகசாய் பக்கம் வந்தால் இட்லி, தோசைக்கு வழி உண்டு.

இனி என் சித்தியின் கதை. முதல் தடவை வந்தபோது ஹகோனேயில் ஒரு ரியோகானில், அதாவது பாரம்பரிய விடுதியில், அறை போட்டேன். சைவம் என்பதை அங்கே போய் இறங்கிய பிறகுதான் சொன்னேன். விடுதி அம்மா முகம் வெளுத்துப்போய் சமையலறைக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். இரவுச் சாப்பாட்டுக்கு மற்ற மேசைகளில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பத்து வகை வர, சித்திக்கு வந்தது வெறும் சோறு, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், ஒரு கட்டி தோஃபு. அதையும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுத்தான் வைத்தார்கள். "பாவம், அந்தம்மாவைப் பார்த்தா எனக்கே சங்கடமா இருக்கு" என்று சித்தி மோர் இல்லாத சோற்றைப் பிசைந்தார். இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது வேறொரு விடுதிக்கு மூன்று வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்பினேன். திரும்பக் கேள்விகளாக வந்து குவிந்தது: காளான் சேருமா? வெங்காயம்? கடற்பாசி சாறு பரவாயில்லையா? அன்று இரவு சித்திக்கென்று தனியாக ஒன்பது கிண்ணம் வந்தது, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதிய தாளோடு. அந்தத் தாளைச் சித்தி இன்னும் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்.

சைவச் சாப்பாட்டோடு தங்க ஓர் இடம் சொல்லுங்கள்.

கோயாசான். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயிலில் போய், செங்குத்தான மலைக்கு கேபிள் காரில் ஏற வேண்டும். கூகாய் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய பௌத்த மடங்களின் ஊர். நூற்றுக்கு மேற்பட்ட மடங்களில் ஐம்பது போலப் பயணிகளுக்கு அறை தருகின்றன. சாப்பாடு ஷோஜின் ரியோரி: இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. தாஷிகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பது. எள்ளை அரைத்துச் செய்யும் வழவழப்பான கோமாதோஃபுவும், உறையவைத்துக் காயவைத்த கோயாதோஃபுவும் இந்த ஊர்ச் சரக்கு. கேட்டால் சாக்கே என்ற அரிசி மதுவும் கிடைக்கும். மடத்து மொழியில் அதற்கு "ஹன்யாதோ", ஞானத் தண்ணீர் என்று பெயர்.

மாலை ஐந்தரை, ஆறுக்கே சாப்பாடு வந்துவிடும். காலை ஆறு மணி வாக்கில் மந்திரம் ஓதுவார்கள், போய் உட்காரலாம். ஒகுனோயின் மயானப் பாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்கு வானளாவிய தேவதாரு மரங்கள், நடுவே பாசி படர்ந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகள். அந்தக் கல் தூண்களில் செதுக்கியிருப்பது சீன எழுத்து மட்டும் என்று நினைத்துக் கடந்துவிடாமல் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல தூண்களில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் பீஜ மந்திரங்கள் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அதை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்சென்னில், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியலில், உடையே இல்லாமல்தான் குளிக்க வேண்டுமா?

ஆமாம். நீச்சலுடையும் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். வாசலில் தொங்கும் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது தெரிந்ததும் அதுவும் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. கூடையில் உடையைப் போட்டுவிட்டு, சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். சுவரோரம் குட்டி முக்காலிகள் வரிசையாக இருக்கும். அதில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, நுரை சுத்தமாகப் போகும்வரை அலசுங்கள். அதற்கப்புறம்தான் தொட்டி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே அருவிக்குள் போகிற பழக்கத்தை இங்கே காட்டினால் தொட்டியே காலியாகிவிடும். அழுக்குப் போக்குவது வெளியே. தொட்டி சும்மா ஊறுவதற்கு. துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீள முடி என்றால் கொண்டை போட்டுவிடுங்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், முதல் தடவை ஐந்து, பத்து நிமிடம் போதும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் படக்கென்று எழுந்திருக்காதீர்கள்.

பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் விட மாட்டார்கள், யாகுசா கும்பல்களோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தால். கினோசாகி ஊரின் ஏழு பொதுக் குளியல் இல்லங்களில் அந்தத் தடை கிடையாது. யுகாத்தா என்ற பருத்தி அங்கியும் மரச் செருப்புமாக ஒரு குளியலிலிருந்து அடுத்த குளியலுக்கு டொக் டொக்கென்று நடந்து போவதே அங்கே பொழுதுபோக்கு. கூச்சம் போகவே போகாது என்பவர்கள் "காஷிகிரி" என்று கேட்டு, குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் ஒதுக்கித் தரும் தொட்டியை முன்பதிவு செய்யலாம். அதுவும் வேண்டாமா? ஒன்சென் ஊர்கள் பலவற்றில் தெருவோரமே காலை மட்டும் ஊறவைக்கும் தொட்டி இருக்கும், பெரும்பாலும் இலவசம்.

தெரியாமல் செய்துவிடக் கூடாதது ஏதாவது?

சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை அது. துக்க வீட்டில் இலையை எப்படி மடிப்போம் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பு எடுப்பது அப்படித்தான். யுகாத்தாவை உடுத்தும்போது இடப் பக்கத் துணி மேலே வர வேண்டும், மாற்றிப் போட்டால் பிணத்துக்குப் போடுவது. இன்னொன்று, தாதாமி என்ற பாய் விரித்த அறையில் படுக்கை விரிக்கும்போது தலை வடக்கே வராமல் பார்ப்பார்கள். மறந்தும் வடக்கே தலை வைக்காதே என்று என் பாட்டி சொன்னதை ஒரு ஜப்பானியப் பாட்டி வாயாலும் கேட்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோயில்களில் எப்படிக் கும்பிட வேண்டும்?

தோரி என்ற வாயில் நின்றால் அது ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோயில், ஜின்ஜா. ஊதுபத்தி மணந்தால் அநேகமாக பௌத்தக் கோயில். ஜின்ஜாவில் முதலில் கல்தொட்டியில் இடக் கை, வலக் கை, வாய் என்ற வரிசையில் கழுவ வேண்டும். அப்புறம் உண்டியலில் காசு. சேர்த்து வைத்த 5 யென் இதற்குத்தான்: ஐந்து யென்னை "கோ-என்" என்பார்கள், நல்ல தொடர்பு, கொடுப்பினை என்ற அர்த்தமும் அதே உச்சரிப்பில் வரும். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு முறை குனியுங்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, நம்மைப்போலக் கும்பிட்டால் போதும்.

நம் ஆட்களுக்கு நான் தவறாமல் சொல்லும் இடம், அசாகுசாவின் சென்சோஜியிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் இருக்கும் மட்சுச்சியாமா ஷோதென். கூட்டமே இருக்காது. மூலவர் காங்கிதென், அதாவது நம் பிள்ளையார். சிலையைக் காட்ட மாட்டார்கள். கொழுக்கட்டைக்குப் பதில் இங்கே வெள்ளை முள்ளங்கி படையல். கோயிலிலேயே வாங்கிப் படைக்கலாம். தூண், விளக்கு எங்கே பார்த்தாலும் ஒன்றையொன்று தழுவிய இரண்டு முள்ளங்கி. என் அம்மா சன்னதி முன்னால் நின்று தோப்புக்கரணம் போட்டார், பக்கத்தில் இருந்த முதியவர் பயபக்தியோடு நகர்ந்து இடம் விட்டார்.

பிள்ளையாரோடு நிற்கவில்லை. கையில் வீணை மாதிரி பிவா ஏந்திய பென்சைதென் நம் சரஸ்வதி. காமாகுராவில் அவள் கோயில் ஒன்றில் குகைத் தண்ணீரில் பணத்தைக் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை. ஷிபாமாதாவின் தைஷாகுதென் இந்திரன். நாராவில் தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

தேநீர்ச் சடங்கில் என்னதான் இருக்கிறது?

ஒரு கிண்ணம் தேநீருக்கு முக்கால் மணி நேரமா என்று நானும் கேட்டிருக்கிறேன். மாச்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் போட்டு, மூங்கில் துடைப்பம் மாதிரி ஒன்றால் அடித்து நுரைக்கவிடுவார்கள். அதற்கு முன் ஒரு இனிப்பு தருவார்கள், அதை முழுசாகத் தின்று முடித்த பிறகே தேநீர். அந்தக் கசப்புக்கு அதுதான் சரி. கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை லேசாகத் திருப்பிக் குடியுங்கள், கிண்ணத்தின் அழகான முன்பக்கம் உங்கள் உதட்டில் படாமல் இருக்க. கடைசி வாயை உறிஞ்சும் சத்தம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், சில கிண்ணங்கள் உங்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தியவை.

முட்டிவலிக்காரர்கள் பயப்படாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் ரியூரெய் முறையும் உண்டு. 1872-ல் கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக ஊராசெங்கே குருமரபு வகுத்தது. முழுச் சடங்கும் வேண்டாம், ருசி பார்த்தால் போதும் என்றால் டோக்கியோவின் ஹமாரிக்யூ தோட்டத்துத் தேநீர்க் குடிலில், குளத்தைப் பார்த்துக்கொண்டே ஆயிரம் யென் அளவில் தேநீரும் இனிப்பும் முடிந்துவிடும்.

சுமோ பார்க்க முடியுமா?

வருடத்துக்கு ஆறு போட்டித் தொடர், ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோவில். மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுவோகா. சீட்டு சுமார் ஒரு மாதம் முன்பு விற்பனைக்கு வந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். தரையில் நாலு மெத்தை போட்ட பெட்டி இருக்கை படத்தில் அழகாக இருக்கும், காலை நீட்ட முடியாது. மாடியில் நாற்காலியே மேல். பிற்பகல் இரண்டு மணிக்குப் போனால் போதும். பெரிய வீரர்கள் நான்கு மணிக்கு மேல்தான் இறங்குவார்கள், ஆறு மணிக்கு முடிந்துவிடும். உப்பைத் தூவி, முறைத்து, குந்தி, மறுபடி எழுந்து போய் உப்பைத் தூவி என்று நாலு நிமிடம் இழுப்பார்கள். மோதல் பத்து விநாடிதான்.

கெய்ஷாவோடு படம் எடுக்கலாமா?

தெருவில் துரத்திப் படம் எடுக்காதீர்கள். கெய்ஷா என்பவர் ஆடல், பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர், வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் பெண். இந்தத் தொல்லையால் கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழைய 2024-ல் தடை வந்துவிட்டது, மீறினால் 10,000 யென். ஏப்ரலில் வந்தால் மியாகோ ஒதோரி நடன நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கி ஆற அமர உட்கார்ந்து பாருங்கள்.

கழிவறையில் தண்ணீர் இருக்குமா?

கூச்சப்பட்டுக்கொண்டே எல்லோரும் கேட்பது. இருக்கும், வெதுவெதுப்பாக இருக்கும், பொத்தானை அழுத்தினால் வரும். ஐரோப்பா போய்த் திண்டாடியவர்கள் இங்கே கண் கலங்குவார்கள். கை துடைக்கக் காகிதம்தான் பல இடங்களில் இருக்காது, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டியும் தெருவில் அபூர்வம், 1995 சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு நிறைய எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும்.

மருந்து, ஊறுகாய், மிக்ஸி?

மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஒரு மாத அளவுக்குள் கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் வருவதற்கு முன்பே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபிட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிக்கலில் கொண்டுபோய் விடலாம், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இறைச்சிப் பொருள் எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறிக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள், எனவே வேண்டாம். பொடி வகைகளை நிறையக் கொண்டுவாருங்கள், எனக்கும் சேர்த்து. மின்சாரம் 100 வோல்ட். நம் மிக்ஸியும் கெட்டிலும் ஏனோதானோ என்றுதான் ஓடும். இரட்டைத் தட்டைக் கம்பி பிளக், அதற்கான அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

போன் அலறும். வெளியே ஓடாமல் மேசைக்கடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கடலோரமாக இருந்தால் ஆட்டம் நின்றதும் மேட்டை நோக்கி ஓட வேண்டும், திரும்பிப் பார்த்துப் படம் எடுக்கக் கூடாது. 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இது தெரியும். 'சேஃப்டி டிப்ஸ்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். காவல் 110, ஆம்புலன்ஸ் 119.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ள நினைத்தால் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வாக்கியம் நம்முடையது மாதிரியே ஓடும். "சகானா வோ தாபேமாசென்", மீனைச் சாப்பிட மாட்டேன். சொல்லுக்குச் சொல் அதே இடத்தில். சாப்பிட்டுப் பார் என்பதை "தாபேதே மிரு" என்பார்கள், 'மிரு' என்றால் பார். இதையெல்லாம் வைத்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஒப்பவில்லை. உறவோ இல்லையோ, எனக்கு ஆங்கிலத்தில் யோசிப்பதை நிறுத்தியபோதுதான் ஜப்பானியம் வாயில் வந்தது.

ஊருக்கு என்ன வாங்கிப்போக?

பெட்டி இனிப்புகளில் பல நாலைந்து நாளில் கெட்டுவிடும், தேதி பார்த்து வாங்குங்கள். காப்பாபாஷி தெருவில் சமையல் கத்தி வாங்கினால் அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். கனமில்லாமல், அர்த்தத்தோடு ஏதாவது வேண்டும் என்றால் தருமா பொம்மை. கையும் காலும் இல்லாத அந்தச் சிவப்பு உருண்டை போதிதருமர்தான், காஞ்சிபுரத்து இளவரசர் என்று நம் பக்கம் சொல்கிறோமே, அவரேதான். இரண்டு கண்ணும் வெள்ளையாக வரும். ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணுக்குக் கருவிழி வரைய வேண்டும், நடந்தால் மறு கண்ணுக்கு. என் அலமாரியில் ஒன்று மூன்று வருடமாக ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வின் கடைசி நிலைக்காக வாங்கியது. இரண்டு தடவை எழுதியாயிற்று, டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன்.